கங்கையின் மேல் ஒரு ஹவில்தாரின் பெயர்

எங்கள் அறபுக் கல்லூரியில் ஸதகா ஜாரியா பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. மனிதன் மௌத்தான பின்பும் அவனுடைய ஏட்டில் நன்மை எழுதப்பட்டுக்கொண்டே இருக்கும் தர்மங்கள் எவை என்று சொல்லிக்கொண்டு வந்தேன். கிணறு, மரம், மஸ்ஜித், பிரயாணிகள் தங்கும் வீடு, பாலம் என்று வரும்போது பின் வரிசையில் இருந்த ஒரு மாணவன் கையை உயர்த்தினான்.

"உஸ்தாத், பாலத்தக் கட்டினவருக்கு நன்மை போகும். அது விளங்குது. பாலத்தக் கட்டாத ஒரு ஆள்ட பேர அதுக்கு வச்சா, அந்த ஆளுக்கு என்ன போகும்?"

வகுப்பு சிரித்தது. அவன் பகிடிக்குக் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. "மகன், அதற்கு ஒரு வரியில் பதில் இல்லை. ஒரு பாலத்தின் கதையைச் சொல்கிறேன், கேள்" என்றேன். அன்று மணி அடித்து விட்டதால் பாதியில் நின்ற கதையை, வாசகர்களுக்கு முழுமையாகச் சொல்லலாமென்று எண்ணுகிறேன்.

2003ஆம் ஆண்டு, லக்னோவில் நத்வதுல் உலமாவில் நான் ஓதிக்கொண்டிருந்த காலம். என்னோடு ஒரே அறையில் இருந்த மாணவர் உத்தரப் பிரதேசத்தின் கிழக்கிலுள்ள காஸிப்பூர் மாவட்டத்தவர். கங்கையின் தென்கரையில், ஸமானியா பக்கத்தில் அவருடைய கிராமம். விடுமுறைக்கு என்னையும் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். வாரணாசி வரை ரயில், அங்கிருந்து காஸிப்பூருக்கு பஸ், அங்கே இன்னொரு பஸ் மாறி ஆற்றைக் கடக்க வேண்டும். அந்த இரண்டாவது பஸ்ஸின் நடத்துநர் வாசலில் தொங்கியபடி ஊர்ப் பெயர்களை அடுக்கினார். அவற்றுக்கு நடுவே "ஹமீத் ஸேது, ஹமீத் ஸேது" என்றும் கூவினார்.

ஸேது என்றால் பாலம். நமக்கு அது தெரிந்த சொல்தான். ஆனால் ஹமீத் யார்? நண்பரிடம் கேட்டேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு, "பாலத்தின் பெயர்" என்றார்.

எங்களுக்கு முன் ஆசனத்தில், மடியில் ஒரு பையை வைத்துக்கொண்டு அமர்ந்திருந்த தாடி நரைத்த பெரியவர் திரும்பிப் பார்த்தார். அவர் நண்பரைப் பார்த்த பார்வையை இன்றும் நான் மறக்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "பேட்டா, நீ வெளியூர்க்காரன், உனக்குத் தெரியாது. இவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்" என்று சொல்லி ஆரம்பித்தார். பஸ் பாலத்தில் ஏறிவிட்டது. கீழே கங்கை, மறுகரை மிகத் தூரத்தில், ஒரு பச்சைக் கோடு போலத் தெரிந்தது.

அந்தப் பெரியவர் சொன்னதையும், பின்னர் நானாகத் தேடி வாசித்தவற்றையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

தையல் மெஷினிலிருந்து

அப்துல் ஹமீத் 1933 ஜூலை முதலாம் திகதி காஸிப்பூர் மாவட்டத்தின் தாமுப்பூர் என்ற சிறு கிராமத்தில் பிறந்தார். தந்தை முஹம்மத் உஸ்மான் ஒரு தையல்காரர். மகனும் சிறு வயதில் தந்தையோடு அமர்ந்து துணி தைத்தவர். 1954 டிசம்பரில் இந்திய இராணுவத்தில் கிரனேடியர்ஸ் படைப்பிரிவில் சேர்ந்து அதன் நான்காம் பட்டாலியனில் கடமையாற்றினார். 1962இல் சீனாவுடனான யுத்தத்திலும் அந்தப் பட்டாலியனோடு இருந்தார்.

1965இல் அவருடைய பதவி கம்பனி குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தார். வாசகர்கள் இந்தப் பதவியைக் கவனிக்க வேண்டும். களஞ்சியப் பொறுப்பாளர் என்று சொல்லலாம். உடை, உணவு, சாமான் கணக்குப் பார்க்கும் வேலை. ஆனால் அதற்கு முன்னர் பல ஆண்டுகள் யுத்த தாங்கி எதிர்ப்புப் பிரிவில் இருந்து, 106 மில்லிமீற்றர் துப்பாக்கியால் குறி தவறாமல் சுடுபவர் என்று பெயரெடுத்திருந்தார். யுத்தம் மூண்டபோது அந்தப் பிரிவை நடத்த ஆள் இல்லை. களஞ்சியத்திலிருந்த ஹமீதைத் திரும்ப அழைத்தார்கள்.

அந்த ஆயுதத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். அது ஒரு ஜீப்பின் மேல் பூட்டப்பட்ட நீண்ட குழல். குண்டு முன்னால் பாயும்போது அதே வேகத்தில் பின்பக்கத்தால் நெருப்பும் காற்றும் வெளியேறும். அதனால்தான் ஜீப் புரண்டு விடாமல் நிற்கிறது. ஆனால் அந்தக் காற்று பெரும் புழுதியைக் கிளப்பிவிடும். ஒரு தடவை சுட்டால், "நான் இங்கேதான் இருக்கிறேன்" என்று எதிரிக்குக் கொடி காட்டியது போல. ஆகவே சுட்டவுடன் இடம் மாற வேண்டும். திறந்த ஜீப்பில் இருப்பவனுக்கு இரும்புக் கவசமும் கிடையாது. எதிரே வருவது பாட்டன் தாங்கி.

1965 செப்டெம்பர் 10, காலை எட்டு மணி. பஞ்சாபின் கேம் கரண் பகுதியில், பிக்கிவிண்ட் வீதியில், சீமா என்ற கிராமத்துக்கு முன்பாகப் பாகிஸ்தானின் பாட்டன் தாங்கிகள் கடும் பீரங்கித் தாக்குதலுடன் முன்னேறின. ஒன்பது மணியளவில் அவை இந்தியப் படையின் முன் அரண்களுக்குள் நுழைந்துவிட்டன. ஹமீத் தமது ஜீப்பை ஒரு பக்கமாக நகர்த்தி, முன்னால் வந்த தாங்கியைச் சுட்டு நிறுத்தினார். இடம் மாறினார். இரண்டாவது தாங்கி தீப்பற்றியது. அதற்குள் அவரது ஜீப்பைக் கண்டுகொண்டார்கள். இயந்திரத் துப்பாக்கிகளும் குண்டுகளும் ஒரே இடத்தைக் குறிவைத்துப் பொழிந்தன. மூன்றாவது தாங்கியை நோக்கிச் சுட்டுக்கொண்டிருக்கையில் வெடிகுண்டு ஒன்று அவரைத் தாக்கியது. வயது 32.

விருதுக்கான அரசாங்கக் குறிப்பில் உள்ள விபரம் இவ்வளவுதான். மக்கள் சொல்லும் கதையிலும் பல நூல்களிலும் அவர் அழித்த தாங்கிகளின் தொகை ஏழு, எட்டு என்று வருகிறது. 10ஆம் திகதிக்கு முந்திய நாட்களில் அவர் அழித்தவற்றையும் சேர்த்துச் சொல்லும் கணக்கு அது. பஸ்ஸில் வந்த பெரியவர் எட்டு என்று சொல்லி, எட்டு விரல்களையும் காட்டினார். அந்தச் சமரில் பாகிஸ்தான் 97 தாங்கிகளை இழந்ததாக இந்தியத் தரப்புக் கணக்கு உண்டு. பிடிபட்ட பாட்டன்களை வரிசையாக நிறுத்திய இடத்துக்குப் பாட்டன் நகர் என்றே பெயராகிவிட்டது.

செப்டெம்பர் 23இல் யுத்த நிறுத்தம் வந்தது. பரம் வீர் சக்ர என்ற இந்தியாவின் அதியுயர் வீர விருது அவருக்கு வழங்கப்பட்டது. 1966 ஜனவரி 26ஆம் திகதி, குடியரசு தின வைபவத்தில், ஜனாதிபதி ராதாகிருஷ்ணனின் கையிலிருந்து அதைப் பெற்றுக்கொண்டவர் விதவையான ரஸூலன் பீபி.

அப்துல் ஹமீதின் கப்ர் காஸிப்பூரில் இல்லை. அவர் வீழ்ந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, பஞ்சாபின் அஸல் உத்தர் கிராமத்து மண்ணில் இருக்கிறது. ஊர் மக்களுக்கு ஸியாரத் செய்ய அருகில் கப்ர் இல்லை. பாலம்தான் இருக்கிறது.

பெயரில் உள்ள நான்கு சொற்கள்

ஷஹீத் வீர் அப்துல் ஹமீத் ஸேது என்று மரியாதையுடன் சொல்வோர் உண்டு. ஷஹீத் அறபுச் சொல். வீர் ஸமஸ்கிருதம். அப்துல் ஹமீத் அறபு. ஸேது மறுபடியும் ஸமஸ்கிருதம். ஒரு பெயர்ப் பலகையில் இரண்டு மொழிகள் ஒன்றுவிட்டு ஒன்று கைகோத்து நிற்கின்றன. அவர் அடங்கியிருக்கும் அஸல் உத்தரும் அப்படித்தான். அஸல் அறபு வேர். உத்தர் என்பது பதில். சரியான பதில் என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள்.

நண்பரின் ஊரில் ஒருவரும் இவ்வளவு நீளமாகச் சொல்வதில்லை. ஹமீத் ஸேது, அவ்வளவுதான். 'அப்துல்' உதிர்ந்துவிட்டது. ஓதிக்கொண்டிருந்த மாணவனான எனக்கு இது சற்று உறுத்தியது. அப்துல் ஹமீத் என்றால் புகழுக்குரியவனின் அடிமை. அடிமையை எடுத்துவிட்டால் எஞ்சுவது அல்லாஹ்வின் திருநாமங்களுள் ஒன்று. ஹமீத் என்று மனிதருக்குப் பெயர் வைப்பதில் தடையில்லை என்பது தெரியும். என்றாலும் உறுத்தியது. நண்பரின் வாப்பாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "பேட்டா, லொறிக்காரனுக்கு அவ்வளவு நேரம் இல்லை. அவன் ஹமீத் என்றாவது சொல்கிறானே" என்றார்.

அவர் பழைய நாட்களையும் சொன்னார். தாரிகாட் என்ற இடத்தில் தென்கரையோடு ரயில் பாதை முடிந்துவிடும். எதிரே காஸிப்பூர் நகரம் கண்ணுக்குத் தெரியும், தண்டவாளம் கிடையாது. தோணிதான். வருத்தக்காரரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதென்றாலும் தோணிக்குக் காத்திருக்க வேண்டும். ஆவணி மாதத்தில் ஆறு கடல் போல விரியும்போது தோணியும் இல்லை. பாலம் வந்த பிறகு இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் நகரத்துக்குப் படிக்கப் போனார்கள், இந்தப் பக்கத்து மரக்கறி அங்கே விலைப்பட்டது. (இப்போது ரயிலுக்கும் வீதிக்குமாக இன்னொரு பாலம் அங்கே எழுந்துவிட்டது. 2016இல் அதற்கு அடிக்கல் நாட்டினார்கள்.)

காஸிப்பூர் நகரத்தில் இன்னொரு படைவீரரின் நினைவிடமும் உண்டு. கங்கையைப் பார்த்தபடி பன்னிரண்டு தூண்களும் குவிமாடமுமாக, பெரும் பூங்காவின் நடுவே நிற்கிறது கோர்ன்வாலிஸ் பிரபுவின் கல்லறை. அமெரிக்காவில் 1781இல் சரணடைந்தவர். பின்னர் இங்கு வந்து 1792இல் திப்பு சுல்தானைப் பணியவைத்து அவருடைய பிள்ளைகள் இருவரைப் பணயமாகக் கொண்டு சென்ற அதே கோர்ன்வாலிஸ். இரண்டாம் தடவை கவர்னர் ஜெனரலாக வந்து, பிரயாணத்தின் நடுவே காய்ச்சல் கண்டு 1805 அக்டோபரில் காஸிப்பூரில் இறந்தார். ஊர் மக்கள் அதை லாட் ஸாஹிப் கா மக்பரா என்கிறார்கள். கோர்ன்வாலிஸ் என்ற பெயர் அவர்கள் வாயில் வருவதில்லை. நண்பர் என்னை அங்கும் கூட்டிச் சென்றார். புல்வெளியில் அமர்ந்து கச்சான் சாப்பிட்டோம். அழகான இடம்தான். ஆனால் கச்சான் சாப்பிடுவதைத் தவிர அங்கே செய்வதற்கு வேறொன்றும் இருக்கவில்லை.

ரஸூலன் பீபியின் மனுக்கள்

ஒரு பெயரை வைத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைப்பது அரசாங்கங்களுக்கு மட்டும் உரிய நோய் அல்ல. நமது ஊர்களிலும் மஸ்ஜித் சுவரில் ஒருவர் பெயரைச் சலவைக் கல்லில் வெட்டிவிட்டு, அவருடைய அநாதைப் பிள்ளைகளை மறந்துவிடுவோர் உண்டு.

அப்துல் ஹமீதுக்குப் பெயர்களில் குறைவில்லை. காஸிப்பூரின் மகனான எழுத்தாளர் ராஹி மஃஸூம் ரஸா அவருடைய வரலாற்றை நூலாக எழுதினார். சிறிய மனிதரின் பெரிய கதை என்ற பொருளில் அதற்குத் தலைப்பிட்டார். 1988இல் பரம் வீர் சக்ர விருதாளர்களைப் பற்றித் தொலைக்காட்சியில் வந்த தொடரில் நஸீருதீன் ஷா அவராக நடித்தார். 2000ஆம் ஆண்டு ஜனவரியில் மூன்று ரூபா முத்திரை வெளிவந்தது; அவருடைய முகமும் அந்த ஜீப்பும் அதில் இருந்தன.

இவையெல்லாம் வந்த பின்பும், 2008இல் முதுமையடைந்த ரஸூலன் பீபி லக்னோவுக்கு வந்து அன்றைய ஜனாதிபதி பிரதிபா பாட்டிலைச் சந்தித்து மனுக் கொடுத்தார். என்ன கேட்டார்? துல்லாப்பூரில் இராணுவத்துக்கு ஆட்சேர்க்கும் நிலையம் ஒன்று வேண்டும். அங்குள்ள கணவரின் வீட்டை நினைவில்லமாக்க வேண்டும். அவர் மரணித்த தினத்தைத் தேசிய மட்டத்தில் நினைவுகூர வேண்டும். பேரப்பிள்ளைகளுக்கு அரசாங்கத் தொழில் கிடைக்க உதவ வேண்டும்.

இந்தப் பட்டியலை வாசித்தபோது நான் நீண்ட நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கணவனை இராணுவத்தில் இழந்த பெண், 43 வருடங்களுக்குப் பிறகு முதலாவதாகக் கேட்பது தனது ஊர்ப் பிள்ளைகள் இராணுவத்தில் சேர ஒரு நிலையம். கடைசியாகக் கேட்பது பேரப்பிள்ளைகளின் சோறு.

கிராமத்து நினைவிடம் 2011இல்தான் ஒரு தனியார் அமைப்பினால் திருத்தப்பட்டது. 2017 செப்டெம்பர் 10ஆம் திகதி இராணுவத் தளபதி பிபின் ராவத் தாமுப்பூருக்கே வந்தார். ரஸூலன் பீபி அப்போது உயிரோடிருந்தார். 2019 ஓகஸ்ட் 2ஆம் திகதி வபாத்தானார். அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக.

2025 பெப்ரவரியில் தாமுப்பூரிலிருந்து வந்த செய்தி இன்னும் கசப்பானது. அப்துல் ஹமீதின் பெயர் தாங்கியிருந்த கிராமத்துப் பாடசாலைக்குப் புதிதாக வர்ணம் பூசினார்கள். அரசாங்கத் திட்டமொன்றின் பெயர் வாசலில் ஏறியது. அவருடைய பெயர் வர்ணத்துக்குள் மறைந்தது. குடும்பத்தார் முறைப்பாடு செய்தார்கள், பத்திரிகைகள் எழுதின, பெயர் மீண்டும் எழுதப்பட்டது. இத்தனைக்கும் அதற்கு முந்திய ஆண்டில்தான் இந்திய மத்திய அரசு ஆறாம் வகுப்புப் பாடத்தில் வீர் அப்துல் ஹமீத் என்று ஓர் அத்தியாயத்தைச் சேர்ப்பதாக அறிவித்திருந்தது. பாடப் புத்தகத்துக்குள் ஏறிய பெயர் பாடசாலைச் சுவரிலிருந்து இறங்கியது என்றால் எதைச் சொல்வது!

பாலத்தின் பெயரை அப்படி வர்ணம் பூசி மறைக்க இயலாது. ஆயிரக்கணக்கானோர் தினமும் வாயால் சொல்வதை எந்தத் தூரிகை அழிக்கும்? ஆனால் பாலத்துக்கு வேறு சோதனை உண்டு. அண்மைய ஆண்டுகளில் ஹமீத் ஸேதுவின் இணைப்புகளும் தாங்கிகளும் பழுதடைந்து, கனரக வாகனங்கள் பல தடவை நிறுத்தப்பட்டன. "ஹமீத் ஸேது மறுபடியும் பழுது" என்று செய்தி வரும்போது, எண்பது லொறிகள் வரிசையில் நிற்கும்போது, சாரதிகள் யாரைத் திட்டுவார்கள்? பெயர் வைத்தவர்கள் அந்தப் பெயருக்கு ஏற்பப் பாலத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டாமா?

வகுப்பில் எழுந்த இரண்டாவது கேள்வி

கதை இவ்வளவு தூரம் வந்தபோது மறுநாள் வகுப்பில் இன்னொரு மாணவன் எழுந்தான். நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த கேள்விதான். "உஸ்தாத், அந்த பாட்டன் தாங்கிக்குள்ள இருந்தவங்களும் கலிமா சொன்னவங்கதானே?"

ஆம். அவர்களும் காலையில் ஸுபஹ் தொழுதிருப்பார்கள். இதை மழுப்பிவிட்டு அப்துல் ஹமீதைப் பற்றிப் பேசுவது நேர்மையல்ல. இரு முஸ்லிம்கள் ஆயுதத்தோடு சந்திப்பது பற்றி ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் எவ்வளவு கடுமையாக எச்சரித்துள்ளார்கள் என்பதை மாணவர்கள் என்னிடமே ஓதியிருக்கிறார்கள். மறுபுறம், தான் பிறந்த மண்ணுக்குக் கொடுத்த வாக்கை நிறைவேற்றுவதும் அமானத்தைப் பேணுவதும் முஸ்லிமின் கடமை. நாட்டெல்லைகள் உம்மத்தின் நடுவால் கீறப்பட்ட காலத்தில் ஒரு தையல்காரரின் மகன் என்ன செய்திருக்க வேண்டும் என்று, நாற்காலியில் அமர்ந்து பத்வா கொடுக்க எனக்குத் துணிவில்லை.

அதே யுத்தத்தில், இரண்டு நாள் கழித்து, செப்டெம்பர் 12ஆம் திகதி, கேம் கரணிலிருந்து அதிக தூரமில்லாத பர்க்கி பகுதியில் பாகிஸ்தானின் மேஜர் அஸீஸ் பட்டி வீழ்ந்தார். அவருக்கு அந்நாட்டின் அதியுயர் விருதான நிஷானே ஹைதர் கிடைத்தது. குஜ்ராத் நகரில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அவருடைய பெயர் வைத்திருக்கிறார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு பாலம், அந்தப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி. இரண்டிலும் ஷஹீத் என்ற ஒரே சொல்லைத்தான் முன்னால் வைக்கிறார்கள்.

அந்தச் சொல்லைப் பற்றியும் சொன்னேன். இன்னார் ஷஹீத் என்று நிச்சயமாகச் சொல்லலாகாது என்பதற்கு இமாம் புகாரி (ரஹ்) தமது கிரந்தத்தில் தனித் தலைப்பே இட்டுள்ளார்கள். உள்ளத்தில் இருந்த நிய்யத்தை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. இந்தியாவில் ஹிந்துக்களும் சீக்கியர்களும் தங்கள் வீரர்களை ஷஹீத் என்றே அழைக்கிறார்கள். அங்கே அது நாட்டுக்காக உயிர் கொடுத்தவர் என்ற பொருளில் ஊர்ச் சொல்லாகிவிட்டது. பெயர்ப் பலகை எழுதுகிறவனுக்கு அந்த உரிமை இருக்கட்டும். ஆகிரத்தின் பட்டியலை நாம் எழுதுவதில்லை.

முதலில் கேள்வி கேட்ட பையன் இன்னும் விடவில்லை. "அப்ப அந்த ஆளுக்கு என்ன போகும் உஸ்தாத்?"

"பேரைக் கேட்டு யாராவது துஆச் செய்தால், அது போகும்" என்றேன்.

"நீங்க அந்தப் பாலத்தால போகக்குள்ள துஆச் செஞ்சீங்களா?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. போகும்போது இல்லை. பெரியவரின் கதை முடிவதற்குள் பஸ் மறுகரையில் இறங்கிவிட்டது. நான் ஆற்றையும் மணல் திட்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் கழித்து, விடியற்காலையில் திரும்பி வரும்போதுதான் அந்த நினைவு வந்தது. பனி மூட்டத்தில் ஆறு தெரியவில்லை. எனக்குப் பக்கத்தில் நண்பர் தூங்கிக்கொண்டிருந்தார். ஹமீதுக்காகவும், அந்தத் தாங்கிகளுக்குள் எரிந்தவர்களுக்காகவும் சேர்த்தே கேட்டேன்.

பையன் கொப்பியைத் திறந்து அறபியில் பெயரை எழுதத் தொடங்கினான். பாதியில் நிறுத்தி நிமிர்ந்தான். "உஸ்தாத், எந்த ஹா?"

"ஹம்துவில் வருகிற ஹா" என்றேன். "முன்னால் அப்தையும் போட்டு எழுது."